பறவைச் சங்க இதழில் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ப் பறவை பார்ப்போர் சங்கத்துக்கு மாதம் ஒரு இதழ் உண்டு. பதினாறு பக்கம், பி.டி.எஃப். வடிவில் வாட்ஸ்அப்பில் போகும். வருஷக் கடைசியில் அச்சில் ஒரு ஆண்டு மலர். இரண்டையும் ஒன்பது வருஷமாகத் தொகுக்கிறவன் நான். கட்டுரை அனுப்புகிற எல்லோருக்கும் வருவது ஒரே சந்தேகங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்பவர்களும் உண்டு. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

நான் வக்கீல் இல்லை. சட்டத்தைப் படித்தும், ஒரு வக்கீல் நண்பரைத் தொந்தரவு செய்தும், ஒரு முறை சூடுபட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இங்கே பேசுவது இந்தியச் சட்டம்.

சார், காப்புரிமை காப்புரிமைங்கறீங்களே, அது என்ன? புத்தகத்துக்கு யாராவது பதிவு பண்ணியிருந்தாதானே அது?

முதலில் பெயர். பேச்சில் எல்லோரும் காப்புரிமை என்கிறோம். ஆனால் அந்தச் சொல் கண்டுபிடிப்புகளுக்குக் கொடுக்கும் உரிமைக்கும் புழங்குகிறது. எழுத்துக்கு உள்ளதைப் பதிப்புரிமை என்று சொன்னால் குழப்பம் இல்லை. இதற்கான சட்டம் 1957இல் வந்தது. 1958 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதி முடித்த நிமிஷத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. போன வாரம் நீங்கள் செம்போத்து பற்றி அனுப்பிய ஒன்றரைப் பக்கத்துக்கும் பதிப்புரிமை உண்டு. அது உங்களுடையது, சங்கத்துடையது இல்லை.

அப்போ யார் புத்தகத்துலேருந்தும் ஒரு வரிகூட எடுக்கக் கூடாதா? அப்படின்னா எப்படி எழுதறது?

எடுக்கலாம். சட்டத்தின் 52ஆவது பிரிவு, சில காரியங்களுக்கு அனுமதி கேட்காமலே எடுத்தாள விடுகிறது. அதற்கு நியாயமான கையாளல் என்று பெயர். சொந்த உபயோகம், ஆராய்ச்சி. விமர்சனம் அல்லது மதிப்புரை. நடப்புச் செய்தியைத் தெரிவிப்பது. விமர்சனம் என்றால் அந்தப் புத்தகத்தையே விமர்சிக்க வேண்டும் என்றில்லை. வேறொரு படைப்பைப் பற்றிப் பேசும்போது இதை எடுத்துக்காட்டினாலும் அதில் அடங்கும்.

கட்டுரை கைக்கு வந்ததும் நான் பார்ப்பது ஒன்றுதான். எடுத்த பகுதி உங்கள் கட்டுரையில் சாட்சி சொல்ல வந்திருக்கிறதா, இல்லை உங்களுக்குப் பதிலாக எழுதிக் கொடுத்திருக்கிறதா? ‘இவர் இப்படிச் சொல்கிறார், நான் எங்கள் ஏரியில் பார்த்தது வேறு’ என்று எழுதினால் அது சாட்சி. இரண்டு பத்தியை அப்படியே இறக்கிவிட்டு, ‘எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்’ என்று முடித்தால் எழுதியவர் நீங்கள் இல்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒன்றே பதில்.

எத்தனை வரி வரைக்கும் எடுக்கலாம்? பத்து சதவீதம்னு ஒருத்தர் சொன்னார், முந்நூறு வார்த்தைன்னு இன்னொருத்தர் சொன்னார்.

இரண்டும் நம் சட்டத்தில் இல்லை. யாரோ ஒரு பதிப்பகம் தன் வசதிக்கு வைத்த விதி காது வழியாக நடந்து வந்து சட்டமாகிவிட்டது. இந்தியச் சட்டம் வரியை எண்ணுவதில்லை.

நீதிமன்றம் எதைப் பார்க்கும் என்பதற்கு 1996இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு நாடக வழக்கில் சொன்னதைப் பலரும் காட்டுவார்கள். ஒரு பிரபலமான பழைய நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதியவர் மூலத்திலிருந்து நிறையவே எடுத்திருந்தார். நீதிமன்றம் மூன்றைக் கேட்டது: எடுத்ததன் அளவும் மதிப்பும் எவ்வளவு, எதற்காக எடுத்தார், இதனால் மூலத்துக்குப் போட்டி வருமா. எழுதியது விமர்சனம், இதைப் பார்த்தவர்கள் அதைப் பார்க்காமல் இருக்கப்போவதில்லை என்பதால் அவருக்குச் சாதகமாகவே போனது.

அதனால் நானூறு பக்கப் புத்தகத்தில் நாலு வரி ஒன்றுமில்லை; எட்டு வரிக் கவிதையில் நாலு வரி பாதிக் கவிதை. அளவு தெரியாமல் தவிப்பவர்களுக்காக நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: ஒரு கட்டுரையில் எல்லா மேற்கோளும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இது என் வசதிக்கு. நாளைக்கு இதையும் சட்டம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

பேர் போட்டுட்டா போதும்தானே? கீழே ‘நன்றி’ன்னு போட்டுத்தானே எடுக்கறோம்.

நான் சூடுபட்டது இங்கேதான். சில வருஷங்களுக்கு முன் ஆண்டு மலரில், காலமாகிவிட்ட ஒரு இயற்கை ஆர்வலரின் கட்டுரையை முழுசாக, ஆறு பக்கம் போட்டோம். மேலே அவர் படம், கீழே கொட்டை எழுத்தில் நன்றி. மரியாதை செய்கிறோம் என்றே நினைத்தோம். மலர் வந்த நாலாம் நாள் அவருடைய மகள் போன் செய்தார். கோபப்படவில்லை. ‘போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்றார். அவர் அப்பாவின் கட்டுரைகளைத் தொகுத்து ஒரு பதிப்பாளரிடம் கொடுத்து, புத்தகம் அச்சில் இருந்த நேரம் அது. பி.டி.எஃப்.இலிருந்து அந்த ஆறு பக்கத்தையும் எடுத்தோம். கையில் மிச்சம் இருந்த நூற்றுச் சொச்சம் பிரதிகளில் வருத்தம் தெரிவித்து ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினோம். பசை காய மின்விசிறிக்குக் கீழே மலர்களை விரித்துப் போட்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

பெயர் போடுவது ஒரு கடமை, அனுமதி வேறு. பெயர் போடாமல் எடுத்தால் திருட்டு. பெயர் போட்டு எடுத்தால் யாரிடம் எடுத்தோம் என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகும், அவ்வளவுதான். நியாயமான கையாளலுக்குள் வரும் சிறு மேற்கோளுக்குப் பெயர், புத்தகம், பதிப்பு ஆண்டு, பக்கம் போடுங்கள். அதைத் தாண்டினால் அனுமதி வேண்டும்.

நாம என்ன வித்தா சம்பாதிக்கறோம்? மெம்பர்களுக்கு மட்டும்தானே போகுது, அது தனிப்பட்ட உபயோகம்தானே?

தனிப்பட்ட உபயோகம் என்றால் நீங்கள் உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது. இருநூறு பேருக்குப் போகிற இதழ் அதில் சேராது. அவர்களில் பாதிப் பேர் அதை மாமா, சித்தப்பா குழுவுக்கெல்லாம் தள்ளிவிடுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

லாபம் இல்லை என்பது நம் பக்கம் ஒரு நல்ல வாதம். மன்னிப்புச் சீட்டு இல்லை. மாத இதழுக்கு அந்த வாதம் சரி. ஆண்டு மலருக்கு? கடைசி அட்டையில் கண்ணாடிக் கடை விளம்பரம், உள்ளே நகைக்கடை, மெஸ், டிராவல்ஸ் எல்லாம் இருக்கின்றன. பிரதி நூறு ரூபாய். அச்சுச் செலவுக்குத்தான் என்று நாம் சொல்லலாம், எதிரே இருப்பவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே. மலருக்கு வரும் கட்டுரைகளில் நான் கூடுதல் கறாராக இருப்பது அதனால்தான்.

சட்டத்துலேயே அமெச்சூர் கிளப்புக்கு விலக்கு இருக்காமே? என் மருமகன் எடுத்துக் காட்டினார்.

மருமகன் சரியாகப் படித்திருக்கிறார், பாதியோடு நிறுத்திவிட்டார். அதே 52ஆவது பிரிவில் அப்படி ஒரு உட்பிரிவு இருக்கிறது. அமெச்சூர் சங்கம் ஒன்று, கட்டணம் வாங்காத பார்வையாளர்கள் முன்னால் ஒரு படைப்பை நிகழ்த்தினால் குற்றமில்லை. நிகழ்த்துவது, அதாவது நாடகம் போடுவது, பாடுவது. அச்சடிப்பதும் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதும் நிகழ்த்துவது ஆகாது.

நமக்கு இன்னும் உதவும் உட்பிரிவு வேறொன்று: வெளியான புத்தகத்திலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொதுவில் வாசிக்கலாம். அதனால் மாதக் கூட்டத்தில் யாராவது எழுந்து நின்று தனக்குப் பிடித்த இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டுவதற்குத் தடை இல்லை. அதையே தட்டச்சு செய்து இதழில் கேட்டால்தான் நான் முகத்தைச் சுளிக்கிறேன்.

பழைய புத்தகம்னா எடுக்கலாமில்ல? எவ்வளவு பழசா இருக்கணும்?

புத்தகத்தின் வயதைப் பார்க்காதீர்கள். எழுதியவர் இறந்த வருஷத்தைப் பாருங்கள். இறந்த வருஷம் முடிந்து அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து அறுபது வருஷம். முன்பு ஐம்பதாக இருந்தது. தாகூர் 1941இல் மறைந்தவர், அவர் எழுத்துகள் மீதான உரிமை முடியப்போகிற நேரத்தில் சட்டத்தைத் திருத்தி அறுபது ஆக்கினார்கள்.

நம் ஆட்கள் அடிக்கடி எடுப்பவர்களையே கணக்குப் பார்ப்போம். பறவை நூல்கள் எழுதியவர்களில் ஜெர்டன் 1872இல் இறந்தார், கேள்வியே இல்லை. ஹியூ விஸ்லர் 1943, எப்போதோ பொதுவாகிவிட்டது. ஜிம் கார்பெட் 1955இல் கென்யாவில் காலமானார். 2015 முடிந்ததும் இங்கே பொதுவுக்கு வந்துவிட்டார். ஆனால் அவர் பக்கத்தில் அதே அலமாரியில் இருக்கும் கென்னத் ஆண்டர்சன் இறந்தது 1974இல். 2034 முடிய வேண்டும். இரண்டும் பழைய வேட்டைக் கதைதானே என்று சேர்த்து அனுப்புகிறார்கள்.

சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் முதலில் வந்தது 1941இல். எண்பது வருஷம் தாண்டிவிட்டது, எடுக்கலாம் என்று ஒரு பேராசிரியரே என்னிடம் வாதாடினார். சாலிம் அலி மறைந்தது 1987இல். கணக்கு 2047 வரை ஓடும். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1996இல் போனார். 2056 முடியும் வரை காத்திருக்க வேண்டும். நான் இருக்கமாட்டேன். இரண்டு பேர் சேர்ந்து எழுதியது என்றால் கடைசியில் இறந்தவரிடமிருந்து எண்ண வேண்டும். ஆசிரியர் இறந்த பிறகு முதன்முறையாக வெளிவந்த நூல் என்றால் வெளிவந்த வருஷத்திலிருந்து அறுபது.

நாட்டுடைமை ஆன புத்தகம்னா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமா?

வேண்டாம். தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து எழுத்துகளைப் பொதுவாக்கிவிட்டால் அறுபது வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இலேயே அரசு வாங்கியது. கல்கி மறைந்தது 1954இல். கணக்குப்படி 2014 முடிய வேண்டும், ஆனால் அதற்கு வெகு முன்பே நாட்டுடைமை ஆகிவிட்டார். அதனால்தான் கடைக்குக் கடை வேறு வேறு அட்டையில் கிடைக்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். பொதுவானது மூல எழுத்து மட்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் புதுப் பதிப்பில் இன்னொருவர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, வரைந்த ஓவியம் எல்லாம் அவரவருடையவை.

சங்க இலக்கியப் பாட்டுக்கு யார்கிட்ட அனுமதி கேக்கறது? எல்லாம் பொதுச் சொத்துதானே?

பாட்டு பொது, உரை பொது இல்லை. உரை எழுதியவர் எப்போது இறந்தார் என்று மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். உ.வே.சா. 1942இல் மறைந்தவர், அவருடைய குறிப்புரைகளைத் தாராளமாக எடுக்கலாம். போன வருஷம் வெளிவந்த எளிய உரையிலிருந்து எடுத்தால் அது புதுப் புத்தகத்திலிருந்து எடுத்த மாதிரிதான்.

வருஷா வருஷம் வலசைக் காலத்தில் எனக்கு வருவது ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’. ‘பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்’ என்று வருகிற பாட்டு. அவித்த பனங்கிழங்கை இரண்டாகப் பிளந்து பிடித்துப் பாருங்கள், அலகு கண்ணுக்குத் தெரியும். எந்தக் கள வழிகாட்டியும் இப்படிச் சொன்னதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் போடுங்கள், உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் தயவுசெய்து சங்கப் பாட்டு என்று எழுதாதீர்கள். அது சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடல், காலத்தால் மிகப் பிந்தியது.

இங்கிலீஷ் புத்தகத்தை நானே தமிழ்ல பெயர்த்தா அது என் எழுத்துதானே அண்ணா?

உழைப்பு உங்களுடையது தம்பி, அனுமதி அவர்களுடையது. மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கான உரிமைகளில் ஒன்று. மேற்கோளாக நாலு வாக்கியத்தைத் தமிழாக்கி, அதைப் பற்றி நீங்கள் ஏதாவது சொன்னால் இரண்டாம் பதிலில் சொன்ன நியாயமான கையாளலில் அடங்கும். ஒரு அத்தியாயத்தைத் தமிழாக்கித் தொடராகப் போடுவது அடங்காது.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரிவதில்லை. கார்பெட் பொதுவாகிவிட்டார், சரி. ஆனால் அவரைத் தமிழில் பெயர்த்தவர் இன்று உயிரோடு இருந்தால் அந்தத் தமிழ் வாக்கியங்கள் அவருடையவை. ஆங்கில மூலத்தை எடுத்து நீங்களே பெயருங்கள். அப்படிச் செய்தால் அந்த மொழிபெயர்ப்புக்கு நீங்கள் உரிமைக்காரர்.

வார்த்தையை மாத்தி எழுதிட்டா பிரச்சினை இல்லையே?

எதை மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. தகவல் யாருக்கும் சொந்தமில்லை. கருத்துக்கும் தகவலுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஒரு சினிமா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆள்காட்டிக் குருவி பெரும்பாலும் நான்கு முட்டை இடும் என்பதை எந்தப் புத்தகத்தில் படித்திருந்தாலும் நீங்கள் எழுதலாம்.

ஒரு உதாரணம், நானே ஜோடித்தது. புத்தகத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘வெயிலில் வெந்த கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாய்க் கிடக்கும் நான்கு முட்டைகளைத் தாயன்றி வேறு கண்கள் அறியா.’ எனக்கு வருகிற கட்டுரையில் இப்படி இருக்கும்: ‘வெயிலில் சுட்ட கூழாங்கல்லுக்கு இடையே கல்லாகவே கிடக்கும் நாலு முட்டையை அம்மாவைத் தவிர யாரும் அறியமாட்டார்கள்.’ சட்டையைத் திருப்பிப் போட்டால் வேறு சட்டை ஆகிவிடாது. வாக்கியத்தின் எலும்பு, வெயில் கல் தாய் என்ற வரிசை, உவமை எல்லாம் அவருடையவை.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதினால் இப்படி வரும்: ‘ஆள்காட்டி கூடு என்று எதையும் கட்டுவதில்லை. தரையில் சின்னக் குழி, சுற்றிச் சரளைக்கல். முட்டை பெரும்பாலும் நான்கு. எங்கள் கல்லூரி மைதானத்தில் நான் மிதிக்கப் போனபோது தலைக்கு மேல் வந்து கத்தியதால்தான் கவனித்தேன்.’ இதில் தகவல் பொது, அனுபவம் உங்களுடையது. தகவல் எங்கே கிடைத்தது என்று ஒரு வரி சொல்வது சட்டத்துக்காக இல்லை, நாகரிகத்துக்காக.

மேற்கோளுக்குள்ள பறவை பேர் பழசா இருக்கு. திருத்திப் போட்டுடலாமா?

திருத்தாதீர்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பது அவர் சொன்னது. புள்ளிப் புறாவின் அறிவியல் பெயரில் முதல் சொல் பழைய புத்தகங்களில் ஸ்ட்ரெப்டோபீலியா என்று இருக்கும், இப்போது ஸ்பைலோபீலியா. பழையதை அப்படியே விட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் இன்றைய பெயரைப் போடுங்கள். இடையில் வரி விட்டால் மூன்று புள்ளி.

சட்டத்தின் 57ஆவது பிரிவு ஆசிரியருக்கு ஒரு தனி உரிமை தருகிறது. எழுதியது தான்தான் என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயர் கெடும்படி எழுத்தைச் சிதைத்தால் தடுக்கவும். பதிப்புரிமையை வேறொருவருக்கு விற்றுவிட்டாலும் இது ஆசிரியரிடமே இருக்கும். ‘இந்தப் பறவை இங்கே அரிது என்பதை நான் நம்பவில்லை’ என்ற வாக்கியத்தில் கடைசி மூன்று சொல்லை வெட்டி ஒருவர் அனுப்பினார். அர்த்தமே தலைகீழ்.

புத்தகத்துல இருந்த படத்தை என் போன்ல எடுத்தேன் சார். நான் எடுத்த போட்டோதானே அது?

இல்லை. வரைந்தவர் வரைந்தவரே. படம், வரைபடம், புகைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனிப் படைப்பு, உரிமைக்காரர் நூலாசிரியராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எழுத்தில் ஒரு சிறு பகுதியை எடுக்கலாம், படத்தில் ஒரு பகுதியை எடுத்தால் வால் மட்டும் வரும். முழுசாகத்தான் எடுக்கிறோம், அதனால் நியாயமான கையாளல் என்று வாதிடுவது கடினம். நம் உறுப்பினர்களிடம் கேட்டால் நாற்பது படம் வரும். மங்கலாக இருந்தாலும் அதையே போடுவேன்.

மதிப்புரையோடு அந்தப் புத்தகத்தின் அட்டையைச் சிறிதாகப் போடுவது மட்டும் வேறு. எல்லாப் பத்திரிகையும் செய்வதுதான், மதிப்புரையின் ஒரு பகுதியாகவே அது வருகிறது.

கட்டுரை ஆரம்பத்துல அழகுக்கு ஒரு கவிதை வரி போடறேனே, அதுவுமா தப்பு?

இது இடைஞ்சலான கேள்வி. அழகுக்குப் போடுவது விமர்சனம் இல்லை, மதிப்புரை இல்லை; என் சாட்சிக் கணக்கில் தோற்றுவிடும். ஆனால் சட்டம் தடுப்பது படைப்பின் கணிசமான பகுதியை எடுப்பதைத்தான். நீண்ட கவிதையில் ஒரு வரி கணிசம் ஆகாது. ஹைக்கூவில் ஒரு வரி ஆகும். சினிமாப் பாட்டின் பல்லவியும் அப்படியே, நாலு வரிக்குள் பாட்டின் உயிரே அடங்கியிருக்கும். அதனால் ஒரு வரியோடு, பெயர் போட்டு, நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். பழம்பாட்டாக இருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அனுமதி யார்கிட்ட, எப்படிக் கேக்கறது? பெரிய ஆளுங்க பதில் சொல்வாங்களா?

புத்தகத்தின் உரிமைப் பக்கத்தைத் திருப்புங்கள். ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்றிருந்தால் ஆசிரியர், பதிப்பகம் என்றிருந்தால் பதிப்பகம். தெரியாவிட்டால் இருவருக்கும் எழுதுங்கள். போனில் ‘போட்டுக்கோங்க’ என்று சொன்னது போதாது. சட்டம் உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள்.

நான் எழுதுவது இவ்வளவுதான்: ‘ஐயா, வணக்கம். எங்கள் பறவை பார்ப்போர் சங்கத்தின் ஆண்டு மலரில், தங்கள் நூலின் 42 முதல் 44 வரையிலான பக்கங்களை ஒரு முறை மட்டும் வெளியிட அனுமதி வேண்டுகிறேன். அச்சுப் பிரதி 300, பி.டி.எஃப். உறுப்பினர்களுக்கு. விலை நூறு ரூபாய், விளம்பரங்கள் உண்டு. தங்கள் பெயர், நூல், பதிப்பகம் குறிப்பிடப்படும். வெளியிடும் பக்கங்களை முன்கூட்டியே அனுப்பி வைக்கிறோம்.’ விளம்பரம் இருப்பதை மறைக்காதீர்கள். எழுத்தாளர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்கிறார்கள். ஒருவர் ‘போடுங்க, மலர்ல ரெண்டு காப்பி அனுப்புங்க’ என்று மட்டும் பதில் எழுதினார்.

ரெண்டு மாசமா பதிலே இல்ல. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாமா?

கல்யாணத்துக்கு வேண்டுமானால். இங்கே மௌனம் என்றால் இல்லை. ஆசிரியர் யாரென்றே தெரியவில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 31-ஏ பிரிவில் கட்டாய உரிமம் கேட்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் போட்டு என்று நீளும். மூன்று பக்கத்துக்காக எந்தச் சங்கமும் அதைச் செய்யாது. சுருக்கமாக மேற்கோள் காட்டி, மீதியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

மிஞ்சிப்போனா என்ன ஆகும்? ஜெயில்லயா போடுவாங்க?

சட்டப் புத்தகத்தில் இருப்பது: தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தக்க காரணத்தைத் தீர்ப்பில் எழுதி, நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். ‘நாம என்ன வித்தா சம்பாதிக்கறோம்’ என்பது வேலை செய்யும் இடம் அதுதான். இதைத் தவிர நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம். சின்னச் சங்கத்துக்கு வழக்கமாக வருவது ஒரு போன் அல்லது கடிதம். வந்த அன்றே எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தால் பெரும்பாலும் அதோடு முடிகிறது.

நெட்ல சும்மா கிடக்கறதுதானே? விக்கிப்பீடியாவுல இருந்துகூட எடுக்கக் கூடாதா?

இலவசமாகப் படிக்கக் கிடைப்பதும் எடுத்துப் போட அனுமதிப்பதும் வேறு. விக்கிப்பீடியா எழுத்தை எடுக்கலாம், ஆனால் இரண்டு நிபந்தனை: எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், அதை மாற்றி எழுதி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். அங்கே உள்ள படங்களுக்குத் தனித்தனி உரிமம், படத்தைத் தட்டிப் பார்த்தால் தெரியும்.

முழுப் புத்தகத்தின் பி.டி.எஃப்.ஐ குழுவில் போடுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகத்துக்கான கணக்கில் பொதுவாகாதது எதையும் போடாதீர்கள்.

போன மாசக் கூட்டத்துல வந்த பேச்சாளர் பேசினதை ரெக்கார்டு பண்ணினேன். எழுதிப் போடலாமா?

பேச்சுக்கும் பேசியவரே உரிமைக்காரர். பொதுக் கூட்டப் பேச்சைச் செய்தியாக, என்ன பேசினார் என்று சுருக்கி எழுதலாம். வார்த்தைக்கு வார்த்தை முழுசாகப் போட வேண்டுமென்றால் அவரிடம் கேளுங்கள். கேட்டால் ஒரு லாபமும் உண்டு: இடங்களின் பெயரை அவரே திருத்திக் கொடுத்துவிடுவார்.

எங்க அக்கா யாழ்ப்பாணத்துல இருக்காங்க, அங்க ஒரு குழுவுக்கு நம்ம மலரைக் காட்டணுமாம். அங்கேயும் இதே சட்டமா?

இல்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டம். ஆசிரியர் இறந்த பின் எழுபது வருஷம். பிரிட்டனிலும் எழுபது. அதனால் இங்கே 2015 முடிந்ததும் பொதுவான கார்பெட், அங்கே பொதுவாவது 2025 முடிந்த பிறகுதான். நம் மலரை அக்கா படிக்கத் தடையில்லை. அந்தக் குழு தங்கள் இதழில் மறுபதிப்புச் செய்ய நினைத்தால் அவர்கள் நாட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம்ம இதழ்ல வந்ததை யாராவது எடுத்துப் போட்டா நாம என்ன பண்றது?

முதல் பதிலில் சொன்னபடி கட்டுரை எழுதியவருடையது. சங்கத்துக்கு அவர் கொடுத்திருப்பது இதழிலும் மலரிலும் ஒரு முறை வெளியிடும் அனுமதி மட்டும். கட்டுரை அனுப்பும்போது நீங்கள் நிரப்பும் படிவத்தின் மூன்றாவது வரி அதுதான், யாரும் படிப்பதில்லை. அதனால் புகார் சொல்ல வேண்டியவர் எழுதியவர். கடிதம் எழுத நான் உதவுகிறேன்.

போன வருஷம் அப்படி ஒன்று வந்தது. நம் கூழைக்கடாக் கட்டுரையின் ஒரு பத்தியை ஒரு பள்ளி ஆசிரியை தன் வகுப்புச் சுவரொட்டியில் எழுதி, எழுதியவர் பெயரும் இதழின் மாதமும் பக்க எண்ணும் போட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பி ‘இது பரவாயில்லையா சார்?’ என்று கேட்டிருந்தார். பக்க எண்ணில் மட்டும் ஒரு தப்பு. ஏழு இல்லை, ஒன்பது என்று பதில் எழுதினேன்.